அப்பாவின் பெயருக்கு நேரே பாட்னர் என்று எழுதினேன்

தம்பி,

கிளேருக்குக் கழுத்தில் இருக்கிற கட்டியை அடுத்த வியாழக்கிழமை எடுக்கப்போகிறார்கள் என்று நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தாய். 'நீங்கள் வரவேண்டும் என்றில்லை. அப்பா சொல்லச் சொன்னபடியால் சொல்கிறேன்' என்று. அவ்வளவுதான். நான் கோபப்பட்டு உனக்குப் போன் எடுக்கவில்லை, கவனித்தாயா? மூன்று நாளாக எடுக்கவில்லை. உன் அம்மா மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் நம்பமாட்டார்கள். போனில் கதைத்தால் நான் பாதியில் அழுவேன், இல்லாவிட்டால் பாதியில் உன்னை ஏசுவேன். அதனால் எழுதுகிறேன். அப்பா ஆர்ச்வே பக்கம் டாக்ஸிச் சவாரி போகும்போது உங்கள் கதவுக்குள் போட்டுவிடுவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழக் கூட்டிக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் இருக்கட்டும், ஆறுதலாக வாசி. வாசித்த பிறகு கிளேருக்கும் மொழிபெயர்த்துச் சொல். எனக்கு வெட்கமாக இருக்குமே என்று ஒன்றையும் குறைத்துவிடாதே.

நான் படிவங்களின் ஆள் என்பது உனக்குத் தெரியும். ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற கொம்பனியில் முதலில் தட்டுக்குப் பாண் வைத்தேன், பிறகு ஒஃபிஸுக்குள் ஏறினேன், பதினெட்டு வருடமாக வேலைக்காரரின் பேப்பர் எல்லாம் என் அலுமாரிக்குள்தான். வெளியிலும் அப்படித்தானே. கவுன்சில் வீட்டுக்கு மனுப் போடுகிறவர், பெனிபிட் நின்றுபோனவர், பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கிறவர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினி மேசையில்தான். 'அக்கா பார்த்தா பிழை வராது' என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் ஒரு பெரிய ஆபிசர் வளர்ந்துவிட்டாள். யாருக்கு என்ன கிடைக்கவேண்டும், யாருக்குக் கிடைக்கக்கூடாது என்று சட்டம் சொல்வதற்கு முதலே அவள் சொல்லிவிடுவாள்.

அந்த மேசையில்தான் நீயும் இரண்டு வருடத்துக்கு முதல் உன் புதுக் கொம்பனியின் மெடிக்கல் இன்சூரன்ஸ் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாய். கிளேர் எனக்கு எதிரே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஃபிளாட்டுக்குப் போய் அப்போது இரண்டு வருடம். "அம்மா, கிளேரின்ர பேரை இதில எங்கை எழுதிறது?" என்று கேட்டாய். பெரிய விசயம் என்று நினைத்துக் கேட்கவில்லை, படிவம் தெரிந்த ஆளிடம் கேட்டாய். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைக்க ஆசையில்லை. "உனக்கென்ன விசரே? இண்டைக்கு இருக்கிறவள் நாளைக்கு இருப்பாளோ ஆருக்குத் தெரியும்? கலியாணம் கட்டின பிறகு மனிசியின்ர பேரை எழுது. கண்ட கண்ட ஆக்களை உதுக்குள்ள ஏத்தாதை" என்றேன். தமிழில்தானே சொல்கிறேன், அவளுக்கு விளங்காது என்று சிரித்த முகத்தோடு வேறு சொன்னேன். கிளேர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். நீங்கள் வெளிக்கிடுகிறபோது வாசலில் நீ மெல்லச் சொன்னாய்: "அவளுக்கு மனிசி எண்டா மனைவி எண்டு தெரியும் அம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தனான்." நான் ஒன்றும் நடக்காதது மாதிரி மீன்குழம்புப் போத்தலை உன் கையில் தந்தேன். அவள் என்னைப் பார்த்து, "தாங்க்யூ ஆன்ரி" என்றாள்.

நல்லகாலம், நீ என் சொல்லைக் கேட்கவில்லை. அவளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாய். கேட்டிருந்தால் இன்றைக்கு அந்தக் கட்டி என்ன கட்டி என்று தெரியாமலேயே அவள் ஒரு வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். இந்த நாட்டு ஆஸ்பத்திரியை நான் குறைசொல்லவில்லை, உன்னைப் பெற்றதே அங்கேதான், ஆனால் இப்போது அந்த வரிசையின் நீளம் உனக்கும் தெரியும். என் வாழ்க்கையில் நீ எனக்குக் கீழ்ப்படியாமல் விட்டதற்கு நான் நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை.

இப்போது உனக்குத் தெரியாத கதைக்கு வருகிறேன். எங்கள் கொம்பனியிலும் அப்படி ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது. நிரந்தர வேலைக்காரருக்கும் அவர்களின் துணைக்கும் ஒரே மாதிரிக் கவர். படிவத்தில் துணையின் பெயருக்கு நேரே இரண்டு சின்னப் பெட்டி இருக்கும். ஒன்று கணவன் அல்லது மனைவி, மற்றது பாட்னர். ஆறு வருடத்துக்கு முதல் ராசன் என்று ஒருவர் அந்தப் படிவத்தோடு வந்தார். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், குளிர் அறையில் வேலை. இரண்டாவது பெட்டியில் சரி போட்டு, வசந்தி என்று பெயர் எழுதியிருந்தார். வசந்தியை எனக்குக் கண்டு தெரியும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் ஒன்றுமில்லை. நான் அந்தக் கழுத்தைத்தான் பார்த்து வைத்திருந்தேன். "மரேஜ் சேட்டிபிக்கட்டைக் கொண்டுவந்து தாங்கோ அண்ணை, ஏத்திவிடுறன்" என்றேன். "அது இல்லைப் பிள்ளை. ஒரு வீட்டிலதான் இருக்கிறம், பில்லுகள் இருக்கு" என்றார். "அப்பிடியெண்டா ஏலாது" என்றேன். அவர் அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் சேட்டிபிக்கட் இல்லை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பின்னேரமே ஃபைலின் முன்பக்கத்தில், சேட்டிபிக்கட் பிரதி இல்லாமல் எந்தப் பெயரும் ஏறாது என்று அச்சடித்து ஒட்டினேன். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

வசந்திக்குப் பித்தப்பையில் கல். நோ வந்தால் நிமிர ஏலாதாம். எட்டு மாதம் வரிசையில் காத்திருந்து, கடைசியில் ஒருநாள் அம்புலன்ஸில் கொண்டுபோய்த்தான் ஒப்பரேசன் செய்தார்கள். கடவுளே என்று தப்பிவிட்டா. அதற்குப் பிறகு ராசன் வேலையை விட்டுவிட்டார். கன்டீனில் யாரோ இதைச் சொன்னபோது நான், "அதுக்குத்தான் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதிச் செய்யவேணும் எண்டிறது" என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது என் குரல்தான்.

இனி என் தலையில் விழுந்ததைக் கேள். அப்பாவுக்கு இடுப்பு நோ தொடங்கியது உனக்குத் தெரியும். டாக்ஸியில் அரை மணித்தியாலம் இருந்தால் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். என்னுடைய இன்சூரன்ஸில் செய்விப்போம் என்று நான் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு சொன்னேன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஒஃபிஸில் எல்லாப் படிவத்தையும் கம்பியூட்டரில் ஏற்ற ஒரு பிள்ளையைப் போட்டார்கள். கவிதா என்று பெயர், திருச்சிப் பக்கம், கெட்டிக்காரி. நான் ஒட்டிவைத்த விதியை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து, "அக்கா, எல்லாருக்கும் சர்டிபிகேட் இருக்கு. உங்க ஃபைல்ல மட்டும் காணோம். வீட்ல இருக்கும்ல, நாளைக்கு எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். "ஓம் ஓம், கொண்டுவாறன்" என்றேன். சோற்றுப் பெட்டியைத் திறந்தேன், அப்படியே மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஏனென்றால் அது எங்களிடம் இல்லை, தம்பி. ஒரு நாளும் இருந்ததில்லை. எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் இரண்டு வேலை. பதிவுகாரருக்கு முன்னால் கையெழுத்து வைப்பது ஒன்று, அதை எழுத்து என்போம். ஐயருக்கு முன்னால் தாலி கட்டுவது மற்றது. ஊரில் எழுத்தை முதலில் முடிப்பார்கள், ஆனால் தாலி ஏறும்வரைக்கும் அந்தப் பெண்ணை ஒருவரும் கலியாணம் முடித்தவளாக எண்ணுவதில்லை. எங்களுக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. அப்பா அகதி விசா கேட்டுக் காத்திருந்த காலம், அவருடைய பாஸ்போட் ஹோம் ஒஃபிஸில் கிடந்தது. அது இல்லாமல் கவுன்சிலில் எழுத்து வைக்க ஏலாது. சாத்திரி குறித்துத் தந்த நாளைத் தவறவிட என் அண்ணைக்கு மனமில்லை. "தாலியை இப்ப கட்டுவம். எழுத்தை விசாக் காட் வந்த பிறகு வைப்பம்" என்றார். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, பாஸ்கட்போல் கூடைக்குக் கீழே மணவறை வைத்து, முந்நூறு பேருக்கு முன்னால் அப்பா தாலி கட்டினார். காட் வர மூன்று வருடம் சென்றது. அதற்குள் நீ வந்துவிட்டாய். எனக்கு இரண்டு ஷிப்ட், அப்பாவுக்கு டாக்ஸி லைசென்ஸ். எழுத்து என்ற கதையே மறந்துபோனது. ஊரார் எழுத்தில்லாமல் வாழ்ந்தால் முகத்தைத் திருப்புகிறவள், தன் எழுத்தை மறந்துபோனாள். முந்நூறு பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்களே, இதற்கு மேல் ஒரு பேப்பர் வேறு வேண்டுமா என்ற துணிவுதான், வேறொன்றுமில்லை.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வருடா வருடம் முதலாவது பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டிருக்கிறேன். பொய் எழுதிவிட்டேனே, வேலை போய்விடுமா, அதைவிட அப்பாவின் ஒப்பரேசன் நின்றுவிடுமா என்று இரவிரவாக எண்ணிக்கொண்டு கிடந்தேன். அவருக்கு அப்போது சப்பாத்துப் போடக்கூடக் குனிய ஏலாது. காலையில் கட்டிலில் இருந்துகொண்டு, "இஞ்சரும், அந்தச் சொக்ஸை ஒருக்கா மாட்டிவிடும்" என்பார். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் நினைத்தேன்: இவருக்கு நான் யார் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. கலியாண அல்பத்தைக் கொண்டுபோகலாமா என்று நினைத்தேன். ஐயரைத் தேடலாமா என்று நினைத்தேன், அவர் கனடாவுக்குப் போய்ப் பத்து வருடம். நாலாம் நாள் கவிதாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் கை தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்ததாம், அவள் பிறகு சொன்னாள்.

அவள் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. இன்சூரன்ஸ் புத்தகத்தை எடுத்து விரலை வைத்து வாசித்தாள். "அக்கா, இதுல தெளிவா போட்டிருக்கே. ஹஸ்பண்ட், ஒய்ஃப், இல்லேன்னா கூட வாழற பாட்னர். ரெண்டுக்கும் ஒரே கவர்தான். ஒரே அட்ரஸ்ல இருக்கறதுக்கு ரெண்டு பில் காட்டினா போதும். சர்டிபிகேட்டே கேக்கல. பாட்னர்னு மாத்தி எழுதிக் குடுத்துடுங்க, சாருக்கு ஆபரேஷன் நடக்கும்" என்றாள். பிறகு ஃபைலின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "அப்போ இந்த ரூலை யாருக்கா போட்டது?"

"நான்தான் பிள்ளை" என்றேன். அந்தப் பேப்பரை அங்கேயே உரித்தெடுத்தேன். ஆறு வருடப் பசை, பாதி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டினேன். சுரண்டும்போது எனக்குக் கண்முன்னால் நின்றது அப்பா இல்லை. பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு போன ராசன்தான் நின்றார். அதற்குப் பிறகு புதுப் படிவம் எடுத்து அப்பாவின் பெயரை எழுதி, முதலாவது பெட்டியை விட்டுவிட்டு இரண்டாவதில் சரி போட்டேன். இருபத்தெட்டு வருடம் சோறு போட்ட மனிசனுக்கு நேரே பாட்னர். அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர்களைப் பற்றி நான் என்னென்ன கதைத்திருப்பேன். கண்ட கண்ட ஆட்கள் என்று யாரைச் சொன்னேனோ அதே ஆள் நானாக இருந்தேன். அந்தப் பெட்டி என்னைத் தள்ளிவிடவில்லை. சேட்டிபிக்கட் எங்கே என்று கேட்கவுமில்லை.

பின்னேரம் அப்பாவிடம் பயந்து பயந்து சொன்னேன். "அப்ப இவ்வளவு காலமும் நான் உம்மட போய்ஃபிரெண்டோ?" என்றார். நான் முறைத்தேன். "இல்லை, முதலே சொல்லியிருந்தா சமைக்கிற, கூட்டுற வேலையை எல்லாம் கொஞ்சம் யோசிச்சுச் செய்திருப்பன்" என்று சொல்லிச் சிரித்துச் சிரித்து இடுப்பு நோவில் கத்தினார். ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. தாதிப் பிள்ளை படிவத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பாட்னர் வெளியில் இருக்கிறா, கூப்பிடவா என்று கேட்க, "ஓம், கூப்பிடுங்கோ, ஆனா வீட்டில தெரியக்கூடாது" என்றாராம். மயக்க மருந்து கொடுக்க முதல் இந்தக் கூத்து. கையெழுத்து வைக்கிற இடம், டொக்டர் கதைக்கிற இடம், கண் விழித்ததும் பக்கத்தில் இருக்கிற இடம், ஒன்றிலும் என்னை அவர்கள் ஒரு அடி தள்ளி நிறுத்தவில்லை. மனைவியை எப்படி நடத்துவார்களோ அப்படியே நடத்தினார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான், தம்பி, நான் வசந்திக்காக முதல்தடவை அழுதேன்.

நீ வேலையால் வர ஏலாத நாளில் கிளேர் வந்தாள். உன்னிடம் சொல்லியிருப்பாளோ தெரியாது. படிப்பிக்கிற பள்ளிக்கூடம் முடிந்து, வடக்கு லண்டனிலிருந்து எங்கள் மூலைக்கு இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறாள், கையில் நீளமான ஒரு பிளாஸ்டிக் சப்பாத்துக் கரண்டி. இடுப்பு மாற்றினவர்கள் குனியக்கூடாது, இதை வைத்துக் காலை உள்ளே விடலாம் என்று அப்பாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். மருந்து, சூப், திருநீறு என்று எல்லாம் கொண்டுபோன எனக்கு அது தோன்றவில்லை. அவள் நடக்கச் சொல்லி அடிகளை எண்ண, அப்பா அவளுக்குத் தமிழில் எண்ணச் சொல்லிக் கொடுத்தார். ஏழு என்பதை எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் நின்று சிரித்தார்கள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அப்பா தடியை விட்டு நடக்கத் தொடங்கிய பிறகு நான் ஒருநாள் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். ராசனும் வசந்தியும் அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்கள். விலாசம் எடுக்கிறது எனக்குக் கஷ்டமா? வசந்தி கதவைச் சங்கிலியோடு திறந்து, என்னைக் கண்டதும் சங்கிலியைக் கழற்றினா. பிறகு, "வாங்கோ அக்கா" என்றா. நான் கொண்டுபோன பழப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, இருக்கச் சொல்லும் முதலே மன்னிப்புக் கேட்டேன். என்னுடைய கதையையும் சொன்னேன். ராசன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னா: "அக்கா, என்ர முதல் மனிசனைக் கடைசிச் சண்டையில கொண்டுபோனவை. அவர் செத்ததெண்டதுக்கும் பேப்பர் இல்லை, இருக்கிறாரெண்டதுக்கும் இல்லை. அப்ப நான் என்னெண்டு இவரோட எழுத்து வைக்கிறது? நீங்கள் கேட்ட சேட்டிபிக்கட்டை நானும்தான் இவ்வளவு வருசமாக் கேக்கிறன். எனக்கும் ஒருத்தரும் தரேல்லை."

அன்றைக்கு நான், "ஏன் அண்ணை இல்லை?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் ராசன் சொல்லியிருப்பார். நானும் போர் நடந்த ஊரிலிருந்து வந்தவள்தானே. வாசல் வரைக்கும் வந்து வசந்தி, "நோ போயிட்டுது அக்கா. கோவமும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். நீங்கள் வந்தது நல்லது" என்றா. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இப்போது எங்கள் கன்டீன் சுவரில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு அறிவித்தல் இருக்கிறது. கலியாணம் முடித்தவராக இருந்தாலும் சேர்ந்து வாழ்கிறவராக இருந்தாலும் ஒரே கவர், ஒரே விலாசம் போதும், அக்காவைக் கேளுங்கள் என்று. ஒட்டின அடுத்த நாளே லொறியில் சாமான் ஏற்றுகிற பொடியன் ஒருவன் வந்தான். ஒன்பது வருடமாக ஒரு வீட்டில் இருக்கிறார்களாம், அவனும் இன்னொரு ஆணும். மற்றவருக்குக் கண்ணில் பிரச்சினை. என் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை நீட்டினான். முந்தி இருந்த என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும் போல. நான் பெயரைக் கேட்டு எழுதி, சரி போட்டு, "கெதியாக் கண்ணைக் காட்டச் சொல்லும்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவன் கண் கலங்கிப்போய் நின்றான், எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் தாய்தானே, கொஞ்சம் சொல்லாமல் விடமாட்டேன். கலியாணம் கட்டு என்று கேட்கப்போகிறேன் என்று நினைக்காதே. கட்டினால் ஆடிப்பாடிக்கொண்டு வருவேன், கட்டாவிட்டாலும் உங்கள் வீட்டுக்குக் குழம்பு வரும். ஆனால் கிளேர் மயக்கம் தெளிந்து கண் திறக்கிறபோது நீ போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. அவளுடைய கையைப் பிடி. தொண்டை நோகும், கதைக்க ஏலாமல் இருக்கும், நீயும் சும்மா இரு. அவளுக்குப் பயம் இல்லை என்று சொன்னாலும் நம்பாதே. அப்பாவும் அன்றைக்கு அவ்வளவு பகிடி விட்டவர், என் விரலை நெரித்த நெரி எனக்குத்தான் தெரியும். இன்னொன்று: நீ எங்கேயாவது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒரு ஆள் இந்தப் பக்கம் நின்று ஒரு பேப்பர் இல்லை என்று சொன்னால், உன் அம்மாவை நினைத்துக்கொண்டு, ஏன் இல்லை என்று ஒருக்காக் கேள்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். வரட்டுமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன், முடிவு அவளுடையது. வேண்டாம் என்று சொன்னால் நான் கீழே கார் நிற்கிற இடத்தில் அப்பாவோடு இருப்பேன், அதையாவது தடுக்காதீர்கள். உப்புக் குறைத்து, ஆறவைத்த கஞ்சி கொண்டுவருவேன், விழுங்கச் சுகமாக இருக்கும். உள்ளே விட்டால், நான் அவளுக்கு யார் என்று தாதி கேட்பாள். அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று கிளேரே சொல்லட்டும். மாமி என்ற சொல்லை நீ இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால், சொல்லிக் கொடுத்துவிடு. ஆன்ரி என்றே இருக்கட்டும் என்றாலும் எனக்குச் சரி.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு இப்போது ஒரு பிடிவாதம். "ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸுக்கும் நாங்கள் இப்பிடியே போதும். ஆனா உம்மட அண்ணைக்குக் குடுத்த வாக்கு ஒண்டு கிடக்கு, காட் வந்தா எழுத்து வைக்கிறதெண்டு. காட் வந்து எத்தினை வருசம்?" என்கிறார். சரியென்று கவுன்சிலில் விசாரித்தேன். கிளேருக்குச் சுகம் வந்து, அவள் நிற்கக்கூடிய ஒரு நாளாகப் பார்த்து வைப்போம் என்று இருக்கிறோம். சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்து வைக்கவேண்டுமாம். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஒன்று நீ, மற்றது அவள். என் வழக்கப்படி இப்பவே ஒரு பேப்பர் எடுத்து, இரண்டு சாட்சிகளின் முழுப்பெயரையும் எழுதிவைக்கத் தொடங்கினேன். உன்னுடையதை எழுதினேன். கீழே கிளேர் என்று எழுதிவிட்டுப் பேனையோடு இருக்கிறேன். கொம்பனியில் இருநூறு பேரின் முழுப்பெயரும் எனக்கு மனப்பாடம். நாலு வருடமாக என் பிள்ளையோடு ஒரு வீட்டில் இருக்கிறவளின் முழுப்பெயரை நான் கேட்டதே இல்லை. வியாழக்கிழமை அவளைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் என் கையாலேயே எழுதப்போகிறேன். அந்த வரியில் கிளேர் என்ற பெயருக்குப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அம்மா